மகள் சாப்பிட மறுக்கிறாள்: என் வளர்ப்புதான் காரணமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. பிளஸ் ஒன் படிக்கும் மகள் எட்டு மாதமாகச் சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, 49 கிலோவிலிருந்து 37 கிலோவுக்கு வந்துவிட்டாள். கேட்டால், "வயிறு திம்முனு இருக்கும்மா" என்கிறாள். மாதவிலக்கு நின்று நான்கு மாதமாகிறது. எண்டோஸ்கோபியில் கோளாறு ஒன்றுமில்லை. மாமியார் மந்திரிக்கச் சொல்கிறார். கணவரோ என் வளர்ப்பைக் குறை சொல்கிறார். உண்மையா டாக்டர்?

பதில்: இல்லை அம்மா, உங்கள் வளர்ப்பால் வந்ததில்லை. சாப்பாட்டை ஒதுக்கி உடம்பை மெலியவைக்கும் அனோரெக்சியா நெர்வோசா என்ற மனநோயாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். தைராய்டு, சர்க்கரை, காசநோய் இல்லையென்று பார்த்தபிறகே உறுதியாகச் சொல்ல முடியும். பரம்பரை, எதையும் கச்சிதமாகச் செய்யத் துடிக்கும் சுபாவம், பதற்றம், உடம்பைப் பற்றி யாரோ சொன்ன சொல் எனப் பலவும் சேர்ந்து வருவது இது. நம் ஊர்ப் பெண்கள் பலர் 'குண்டாகிவிடுவேன்' என்று சொல்வதில்லை. வயிற்றைத்தான் காரணம் காட்டுவார்கள். அதனால் வயிற்று டாக்டரிடமே மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

பட்டினியே மனதைக் கெடுக்கும். 1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், மனநலம் நன்றாக இருந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்தார்கள். எரிச்சல், மனச்சோர்வு, ஒதுங்கியிருத்தல், எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு! உங்கள் மகள் சிடுசிடுத்தால் அது திமிர் இல்லை, பசித்த மூளை.

ஆகவே உணவுதான் முதல் மருந்து. ஆனால் மெலிந்த உடம்புக்குத் திடீரென நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயத்தையே பாதிக்கும். இந்த வாரமே திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நாடித்துடிப்பு, ஈசிஜி, ரத்தம் பார்த்து, எவ்வளவில் தொடங்கலாம் என்று சொல்வார்கள். மனநல மருத்துவரையும் அங்கேயே பாருங்கள். மயக்கம், படபடப்பு, தண்ணீர்கூட இறங்காமை, சாவைப் பற்றிய பேச்சு இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

அப்புறம் வீட்டில், இந்த வயதுக்கு நல்ல பலன் தருவது குடும்பம் சேர்ந்து செய்யும் சிகிச்சைதான். என்ன சாப்பாடு, எவ்வளவு என்பதைச் சில மாதங்களுக்கு நீங்களும் கணவரும் முடிவு செய்யுங்கள். தட்டில் நீங்களே போட்டு, கூடவே உட்காருங்கள். அழுவாள், கத்துவாள், திட்டாமல், கெஞ்சாமல், "இதைச் சாப்பிடு கண்ணு, நாங்க கூட இருக்கோம்" என்று மட்டும் சொல்லுங்கள். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் தனியாக விடாதீர்கள். எடை தேறும்போது "உடம்பு வச்சிருச்சே" என்று உறவினர் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வார்த்தையில் மறுபடி தட்டைத் தள்ளிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மந்திரிப்பது மாமியாருக்கு ஆறுதல் என்றால் செய்யட்டும், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தபிறகு. கணவரிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். அவரும் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். இரவில் நீங்கள் தவித்துப்போனால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.