கிளிப் பூட்டிய மடக்குக் கத்தி: நுனி மேலேயா, நுனி கீழேயா?

நிலாவெளியில் புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றும் படகில் வேலை செய்வதாகவும், மாமா தந்த மடக்குக் கத்தியில், பொக்கற்றின் விளிம்பில் கொழுவும் கிளிப்பைப் பிடியின் எந்த முனையிலும் பூட்டலாம் என்றும், எதைத் தெரிவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடல் வேலைக்கு நுனி மேலே. அதாவது கிளிப் பிடியின் வால் பக்கம் இருக்கவேண்டும். மடக்கிய கத்தி பொக்கற்றுக்குள் நிற்கும்போது அலகு திரும்பும் அச்சாணி கீழேயும் அலகின் நுனி மேலேயும் வரும்.

வெளிநாட்டுக்காரர் இதற்குச் சொல்லும் காரணம், எடுத்தவுடன் பெருவிரல் நேரே அலகில் போய் நிற்கும், திறப்பது வேகம் என்பது. அது உண்மைதான், ஆனால் எங்களுக்கு அந்த வேகம் பெரிதில்லை. எங்களுக்குப் பெரிது கயிறு. அனேகமான கத்திகளில் கயிறு கட்டும் துளை வால் முனையில் இருக்கும். நுனி மேலே வைத்தால் அந்தக் கயிறு பொக்கற்றுக்கு வெளியே தொங்கும். ஈரக்கையாலும் பிடித்து இழுக்கலாம். நுனி கீழே வைத்தால் துளை பொக்கற்றின் அடியில் போய்விடும், கயிறு கட்டியும் பயனில்லை.

புரொப்பெல்லரில் தங்கூசி சுற்றிக்கொண்ட நேரத்தை நினைத்துப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் குனிந்து, ஒரு கையால் படகைப் பிடித்தபடி மற்றக் கையால் வெட்டவேண்டும். கை வழுக்கினால் கத்தி கடலோடு போய்விடும். அப்போது கயிற்றின் நுனியை இடுப்புப்பட்டி வளையத்தில் கொழுவிவிடுங்கள். மற்ற நேரத்தில் ஒரு சாண் நீளம் போதும். நீளமாகத் தொங்கவிட்டால் நங்கூரக் கயிற்றிலோ எஞ்சின் பிடியிலோ சிக்கும், அது ஆபத்து. செம்மஞ்சள் நிறக் கயிறு நல்லது, படகின் அடித்தட்டில் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

நுனி மேலே வைப்பதில் ஒரு ஆபத்து உண்டு, அதை லேசாக எடுக்காதீர்கள். அலகு கொஞ்சம் விலகினாலும் நுனி நிற்பது நீங்கள் கையை உள்ளே விடும் பொக்கற் வாசலில்தான். ஆகவே முதலில் கத்தியை மடக்கி, திறக்கும் பக்கம் நிலத்தைப் பார்க்கப் பிடித்து நன்றாக உதறிப் பாருங்கள். அலகு அசைந்தால் அந்தக் கத்தியை இப்படிக் கொண்டுபோகவே வேண்டாம். அசையாவிட்டாலும், களிசானின் வலப்பக்க முன் பொக்கற்றில் பின் தையலோடு ஒட்டி, அலகின் முதுகு தையலில் அணைய வையுங்கள். திறக்கப் பார்த்தாலும் தையல் விடாது. பின் பொக்கற் வேண்டாம்; மோட்டார் சைக்கிளில் ஏறி இறங்கும்போதும் குந்தியிருக்கும்போதும் மெல்ல மெல்ல மேலே வந்து விழுந்துவிடும். சாரம் கட்டும் நாளில் மடியில் செருகுவதையும் விடுங்கள், கட்டுத் தளர்ந்தால் கிளிப்புக்குப் பிடிக்க எதுவும் இல்லை. அன்றைக்குச் சின்னப் பை ஒன்றில் போடலாம்.

கிளிப்பின் இறுக்கத்தையும் பாருங்கள். மெல்லிய துணியில் தளர்வாக நிற்கும் கிளிப் முள்வேலிக் கம்பியிலும் படகின் ஓரத்திலும் கொழுவி வளையும். அளவுக்கு மிஞ்சி இறுகினால் கொஞ்ச நாளில் பொக்கற்றின் விளிம்பு பிய்ந்துவிடும், அதுவும் பிடி சொரசொரப்பாக இருந்தால் இன்னும் கெதியாக.

திருகோணமலையில் இருந்துகொண்டு உப்பைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. துரு முதலில் பிடிப்பது அலகில் இல்லை, கிளிப்பின் அடியிலும் அதன் ஸ்க்ரூக்களிலும்தான். கச்சான் காற்றுக் காலத்தில் வியர்வையும் சேரும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி அச்சாணியிலும் ஒரு துளி கிளிப்பின் அடியிலும் விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து மணலையும் நூலையும் பிடித்துவைக்கும். கிளிப்பை மாற்றிப் பூட்டும்போது ஸ்க்ரூவுக்கு நீல நிறத் திருகுப் பசை கொஞ்சம் பூசுங்கள். இல்லாவிட்டால் எஞ்சினின் அதிர்வில் அவை தானாகக் கழரும். உப்புத் தண்ணீருக்கென்றே எச்-1 என்ற உருக்கில் செய்த கத்திகளும் உண்டு. அதில் துரு லேசில் பிடிக்காது. அடுத்த முறை மாமா கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால், அங்கே இராணுவம் இருக்கிறது. பொக்கற்றின் வெளியே மினுங்கும் கிளிப் தூரத்திலேயே தெரியும். கோயில், நீதிமன்றம், துறைமுக வாசல் என்று போகும் நாளில் கத்தியை வீட்டிலோ படகிலோ வைத்துவிட்டுப் போங்கள்.