ஒரே தாளில் அம்மாவின் 11 வருடம்

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. 11 வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. இரண்டு மாதமாக அடிக்கடி தலைசுற்றல். மஞ்சப்பை நிறைய ரிப்போர்ட்டோடு போகிறோம். "எப்போதிலிருந்து?" என்று டாக்டர் கேட்டால் அம்மா ஒன்று சொல்கிறார், நான் ஒன்று சொல்கிறேன். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். எப்படிச் சொல்வது?
– ஒரு வாசகி, தேனி

பதில்: வரைந்து கொண்டுபோங்கள், தங்கச்சி.

32 வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். என் கணவருக்கு நான்கு மாதம் வறட்டு இருமல். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாம் நார்மல். ஒரு ராத்திரி, மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டு, மேலே இருமலையும் கீழே மாத்திரைகளையும் தேதிவாரியாகக் குறித்தேன். எனாலாபிரில் என்ற பிரஷர் மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரம் இருமல் வந்திருந்தது. தாளைப் பார்த்ததுமே டாக்டர் மாத்திரையை மாற்றினார். சில வாரங்களில் இருமல் நின்றது. அந்த மருந்தால் இருமல் வரலாம் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு தேதிகளையும் அருகருகே பார்க்கும்வரை யாருக்கும் தோன்றவில்லை.

நீங்களும் தாளைக் குறுக்காக வைத்து நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடதுபக்கம் கொஞ்ச இடத்தில் பழைய வருடங்கள் அடங்கட்டும்: சர்க்கரை கண்டுபிடித்த வருடம், ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் சேர்த்தது. மீதி இடம் முழுக்கக் கடைசி ஆறு மாதம். கோட்டுக்கு மேலே தலைசுற்றல் வந்த நாட்களில் புள்ளி. கீழே ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு பட்டை, தொடங்கிய தேதியிலிருந்து நிறுத்திய தேதி வரை. எத்தனை மில்லிகிராம் என்பதும் வேண்டும். மெடிக்கலில் நீங்களாக வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்து எதையும் விடாதீர்கள். ஹெச்பிஏ1சி என்ற சர்க்கரைக்கான ரத்தப் பரிசோதனை அளவுகளையும் எழுதுங்கள். அது சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதால், ஒருநாள் சர்க்கரையைவிட டாக்டருக்கு அதிகம் உதவும்.

புள்ளிக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். படுக்கையிலிருந்து எழும்போதா, சாப்பாடு தள்ளிப்போன நாளிலா? எழுந்ததும் பிரஷர் இறங்கினாலும் தலைசுற்றும், சர்க்கரை 70க்குக் கீழே போனாலும் தலைசுற்றும். முடிந்தால் அந்த நேரத்திலேயே இரண்டையும் பார்த்துக் குறியுங்கள். படத்தைப் பார்த்து நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போனாலோ, தாளைத் தேடாமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

ஆமாம், பையில் ஈசிஜி இருந்தால் ஜெராக்ஸ் எடுத்துவையுங்கள். அந்தத் தாளில் கோடுகள் நாளாவட்டத்தில் மங்கிவிடும்.

அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்தே வரையுங்கள். எந்தெந்த வாரம் மாத்திரை போடாமல் விட்டார் என்பது அப்போதுதான் வெளியே வரும். திட்டாமல் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.