விளக்கை அணைத்தால் வந்துவிடுமா இயற்கை ஒளி?

கேள்வி: பாலு மகேந்திரா என்றாலே ‘இயற்கை ஒளி’ என்று எல்லோரும் புகழ்கிறார்கள். நீங்களும் எழுதுகிறீர்கள். லைட் போடாமல் படம் எடுப்பதில் அப்படி என்ன திறமை வேண்டியிருக்கிறது? ஊட்டிக்குப் போய் கேமராவை வைத்தால் யார் எடுத்தாலும் அழகாகத்தான் வரும். இன்றைக்கு என் செல்போனிலேயே லைட் இல்லாமல் பிரமாதமாக வருகிறதே!
– வாசகர், மதுரை

பதில்: ஊட்டியிலிருந்தே தொடங்குவோம். ‘மூன்றாம் பிறை’யின் (1982) கடைசிக் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்தது. அதில் நீங்கள் சொல்லும் ஊட்டி எங்கே இருக்கிறது? பளிச்சென்ற வெயில் இல்லை, பூ இல்லை. சாம்பல் பூத்த வானமும் நனைந்த பிளாட்பாரமும் சேறும்தான் இருக்கின்றன. அந்த மழை திரைக்கதையில் எழுதப்பட்டதும் அல்ல. படப்பிடிப்பு நாளில் வானிலை கெட்டு மழை பிடித்துக்கொண்டது. வேறு யாராவது இருந்தால் பேக்கப் சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பியிருப்பார்கள். படத்தை இயக்கி ஒளிப்பதிவும் செய்த பாலு மகேந்திரா அந்த மழையிலேயே எடுத்தார். அந்த ஆண்டு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது இந்தப் படத்துக்குக் கிடைத்தது. ஊட்டியின் அழகுக்காகக் கொடுத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அவருக்கும் மழைக்கும் பழைய உறவு உண்டு. மட்டக்களப்புக்குப் பக்கத்தில் அமிர்தகழியில் பிறந்தவர். பள்ளியில் சுற்றுலா போன இடத்தில் ஆங்கில இயக்குநர் டேவிட் லீன் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் ‘மழை’ என்று குரல் கொடுத்ததும் மழை கொட்டியதைப் பார்த்தேன், அன்றைக்கே சினிமாதான் என்று முடிவு செய்துவிட்டேன் என்று பாலு மகேந்திரா பல தடவை சொல்லியிருக்கிறார். அப்புறம் புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார்.

அவருடைய டிப்ளமோ படத்தைப் பார்த்துவிட்டு வாய்ப்புக் கொடுத்தவர் மலையாள இயக்குநர் ராமு காரியாட். இதை நான் பெரிதாக நினைக்கிறேன். ‘செம்மீன்’ எடுத்தவர் அவர். அதற்குக் கேமரா மார்க்கஸ் பார்ட்லி. அப்படிப்பட்ட ஜாம்பவானோடு வேலை செய்த இயக்குநர், ஒரு முழுநீளப் படம்கூட எடுத்திராத இளைஞரை நம்பி ‘நெல்லு’ படத்தைக் கொடுத்தார். 1974இல் அது வெளிவந்தபோது கேரள அரசின் ஒளிப்பதிவாளர் விருது அவருக்குக் கிடைத்தது.

இப்போது உங்கள் செல்போனுக்கு வருகிறேன். அந்தக் காலக் கலர் ஃபிலிமின் வேகம், அதாவது வெளிச்சத்தை உள்வாங்கும் திறன், 100 ஏ.எஸ்.ஏ. பகல் வெளிச்சத்தில் எடுக்க லென்ஸின் முன்னால் ஆரஞ்சு நிற ஃபில்டர் மாட்ட வேண்டும். மாட்டினால் அது 64 ஆகக் குறைந்துவிடும். உங்கள் செல்போன் இருட்டு அறைக்குள் போனதும் உங்களைக் கேட்காமலேயே 2000 வரைக்கும் ஏறிக்கொள்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 30 மடங்கு வித்தியாசம். அறைக்குள் ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பி எடுப்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய துணிச்சல் என்று அப்போது புரியும். லென்ஸை முழுதாகத் திறக்க வேண்டும். முழுதாகத் திறந்தால் ஃபோகஸ் மயிரிழையில் நிற்கும். நடிகை அரை அடி முன்னால் வந்துவிட்டால் கண் தெளிவாக இராது.

பக்கத்தில் மானிட்டர் கிடையாது. வெளிச்சத்தை மீட்டரில் அளந்து, மனக்கண்ணில் பார்த்து, எடுத்து, நெகட்டிவை லேபுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். லேபில் கழுவி வந்த முதல் பிரதியை, அதாவது ரஷ்ஷைப் போட்டுப் பார்க்கும்போதுதான் முகம் இருக்கிறதா, இருட்டு மட்டும் இருக்கிறதா என்று தெரியும். 400 அடி ஃபிலிம் நாலரை நிமிடத்துக்குள் ஓடித் தீர்ந்துவிடும். தவறினால் தயாரிப்பாளரின் பணம் போச்சு, சில சமயம் கேமராமேனின் பெயரும் போச்சு.

உங்கள் கேள்வியில் என்னை மிகவும் உறுத்தியது ‘லைட் போடாமல்’ என்ற வார்த்தைதான். இயற்கை ஒளி என்றால் விளக்கே இல்லை என்று அர்த்தமில்லை. திரையில் தெரியும் வெளிச்சத்துக்கு அந்த இடத்தில் ஒரு நியாயம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்டுடியோ காலப் படங்களில் நள்ளிரவில் கதாநாயகி இருட்டு அறையில் அழுவாள். முகம் மட்டும் வெள்ளைவெளேரென்று இருக்கும், பின்சுவரில் அவளுக்கு மூன்று நிழல் விழும். அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பாலு மகேந்திரா கேட்டார். ஜன்னல் இடது பக்கம் என்றால் வலது கன்னம் இருட்டாகத்தான் இருக்கும், இருக்கட்டும் என்றார். தேவைப்பட்ட இடத்தில் தெர்மோகோல் பிடித்து வெளிச்சத்தைத் திருப்புவார்கள், கறுப்புத் துணி கட்டி வெட்டுவார்கள். எல்லாம் உண்டு. உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

நான் நிருபராக இருந்த நாட்களில், ஒரு படப்பிடிப்பில் கேமராமேன் செய்ததைப் பார்த்திருக்கிறேன். ஓட்டு வீட்டுக் கூடத்தில் காட்சி. அவர் கேமரா பக்கமே போகவில்லை. உள்ளங்கையை விரித்து முகத்துக்கு முன்னால் நீட்டியபடி கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். விரல் இடுக்கில் விழும் நிழலைப் பார்க்கிறார் என்று உதவியாளர் சொன்னார். ஒரு தூண் பக்கத்தில் நின்று, “கட்டிலை இங்கே போடுங்க, மூணு மணிக்கு மேல எடுக்கலாம்” என்றார். காலை பதினொரு மணிக்கு இதைச் சொன்னார். தயாரிப்பு நிர்வாகியின் முகம் சுருங்கியது. நாலு மணி நேரம் ஒரு யூனிட்டையே உட்கார வைப்பதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்! மூன்றரைக்கு வெளிச்சம் முற்றத்துத் தரையில் பட்டு எகிறி அந்தக் கட்டிலில் கிடந்தவரின் தாடை ஓரம் வரை வந்து நின்றது. ஒரு விளக்கும் எரியவில்லை. ‘லைட் போடாமல்’ எடுத்த காட்சிதான் அது.

முன்னோர்களைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். ‘மாயாபஜார்’ (1957) படத்தில் ‘ஆஹா இன்ப நிலாவினிலே’ பாட்டுக்கு மார்க்கஸ் பார்ட்லி நிலவொளியை உருவாக்கினாரே, அதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அந்தப் படத்துக்கு அந்த மாயம் வேண்டும், அவர் கொடுத்தார். ‘16 வயதினிலே’ (1977) வந்தபோது நிவாஸின் கேமரா கிராமத்து வெயிலுக்கு இறங்கியது. மறு ஆண்டு மகேந்திரன் இயக்கிய ‘முள்ளும் மலரும்’ படத்துக்கு பாலு மகேந்திரா கேமரா. கதை மாறியது, அதனால் ஒளியும் மாற வேண்டியிருந்தது.

ஊட்டியோடு அவரை முடித்துவிடுகிறவர்கள் ‘வீடு’ படத்தைப் பார்க்கவில்லை என்றே நினைத்துக்கொள்கிறேன். சென்னையில் ஒரு வேலைக்குப் போகும் பெண் கஷ்டப்பட்டு வீடு கட்டுகிறாள். பாட்டு கிடையாது, மலை கிடையாது, பனி கிடையாது. செங்கலும் சிமெண்டும் மணலும்தான். திரைக்கதை, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு நான்கும் அவரே. அதில் சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, கட்டி முடியாத வீட்டைத் தனியாக வந்து பார்ப்பார். பூசாத சுவரைத் தொட்டுத் தொட்டு அறை அறையாக நடப்பார். கேமரா அவரை அவசரப்படுத்தாமல் கூடவே இருக்கும். அழகான இடம் என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்தக் கிழவரின் சந்தோஷம் நமக்குத் தொண்டையை அடைக்கிறது. ‘யார் எடுத்தாலும்’ அது வருமா? எனக்கு நம்பிக்கை இல்லை. பாதி கட்டிய ஒரு வீட்டுக்குள் உங்கள் செல்போனை எடுத்துக்கொண்டு போய், உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை நடக்கச் சொல்லி எடுத்துப் பாருங்கள். போன் எல்லா மூலையையும் ஒரே மாதிரி வெளிச்சமாக்கித் தரும். எதை இருட்டில் விடுவது என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் இணையத்தில் இந்தப் படங்களைப் பார்த்திருந்தால், பெரும்பாலும் பிரதியின் பிரதியைத்தான் பார்த்திருப்பீர்கள். நிறம் வெளிறி, நிழல் இருந்த இடமெல்லாம் வெறும் கறுப்பாகக் கிடக்கும். ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ படங்களுக்கு நெகட்டிவே இல்லாமல் போய்விட்டது என்று பாலு மகேந்திரா மேடைகளில் வேதனையோடு சொன்னார். தமிழ்ப் படங்களுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2013இல் ‘தலைமுறைகள்’ எடுத்தார், அதில் தாத்தாவாக அவரே நடித்தார். 2014 பிப்ரவரி 13 அன்று போய்ச் சேர்ந்தார். அவர் மீட்டர் பிடித்து அளந்த அந்த ஜன்னல் வெளிச்சத்தை, அவர் பார்த்தது போலவே பார்க்க இன்றைக்கு உங்களுக்கும் வழியில்லை, எனக்கும் வழியில்லை.