அன்பியத்தில் ஒரு வார்த்தை சுருக்கென்று தைத்தால்

கேள்வி: களியக்காவிளைப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கில் அன்பியப் பொறுப்பாளராக இருக்கிறேன் (அன்பியம் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி வாசகம் படித்துச் செபிக்கிற சிறு குழு). வயது 54. போன மாதம் கூட்டம் முடிகிற நேரத்தில் ஒரு இளம்பெண் எல்லார் முன்னாலும், "மாமா, வாசகமும் நீங்க, விளக்கமும் நீங்க, மன்றாட்டும் நீங்க. நாங்க எதுக்கு வாறோம்?" என்று கேட்டுவிட்டாள். அதன்பிறகு 3 கூட்டங்களுக்கு நான் போகவில்லை. எல்லை தாண்டிக் கேரளத்தில் நடக்கிற தியானத்துக்கு ஆள் கூட்டிப்போகிற ஒருவர், இது பொறாமை ஆவியின் வேலை, வீட்டில் 3 நாள் விடுதலை செபம் வைக்க வேண்டும், ரூ. 5,000 ஆகும் என்கிறார். நான் தாழ்ச்சியோடு இதை ஏற்க வேண்டுமா? பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, இதைச் சொல்ல வேண்டுமா?

பதில்: முதலில் அந்த 5,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். திருச்சபைச் சட்டம் 1172-இன்படி பேயோட்டுவதற்கு ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி பெற்ற குருவானவர்தான் வேண்டும். வேனில் ஆள் ஏற்றுகிறவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. தியானம் நல்லதுதான், தியானத்துக்கு வெளியே துண்டு போட்டு உட்கார்ந்திருக்கிற தரகர்களைத்தான் சொல்கிறேன். இவர்களின் வழி எப்போதும் ஒன்றே: உங்களைத் திருத்தியவரை எதிரியாக்குவார்கள், எதிரியைப் பேயாக்குவார்கள், பேய்க்கு ஒரு விலை வைப்பார்கள். "நீங்கள் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறீர்கள்" என்று மட்டும் சொல்லவே மாட்டார்கள். அதைச் சொன்னால் காசு வராது.

இனி அந்தப் பெண் சொன்னதற்கு வருவோம். அவள் பேசியதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், ஒரு தாளில் எழுதுங்கள். "திமிராகக் கேட்டாள்" என்று எழுதினால் அது உங்கள் சொல், அடித்துவிடுங்கள். மிஞ்சுவது மூன்று: வாசகம், விளக்கம், மன்றாட்டு. மூன்றையும் சரிபார்க்க முடியும். அடுத்த கூட்டத்தில் யார் யார் வாய் திறந்தார்கள் என்று எண்ணுங்கள். 12 பேரில் 2 பேர்தான் என்றால் அவள் சொன்னது சரி. 9 பேர் பேசியிருந்தால் அவள் மிகைப்படுத்தினாள். தாழ்ச்சி என்பது உண்மையில் நடப்பது என்றார் அவிலாவின் புனித தெரேசா. அதனால் சரியில்லாததைச் சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் எண்ணிப் பார்க்காமலே தப்பு என்று தள்ளுவதும் தாழ்ச்சி இல்லை.

தனியாகச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். மத்தேயு 18:15 முதலில் தனியாகத்தான் சொல்லச் சொல்கிறது. பிரிஸ்கில்லாவும் அக்கிலாவும் போதித்துக்கொண்டிருந்த அப்பொல்லோவைத் தங்களோடு அழைத்துப்போய்த்தான் விளக்கினார்கள் (திருத்தூதர் பணிகள் 18:26). ஆனால் அந்தியோக்கியாவில் பவுல் பேதுருவை எல்லார் முன்னும் கேட்டார். பேதுரு பிற இனத்தாரோடு உண்பதை விட்டு விலகியதும் எல்லார் முன்னும் நடந்தது, மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போனது. அன்பியம் நடத்துவதும் எல்லார் முன்னும் நடக்கிற வேலைதான். ஆகவே முறையில் அவள் கொஞ்சம் சறுக்கினாள், அவ்வளவுதான். மத்தேயு 18-ஐ எடுத்துக்கொண்டு அவளுக்குப் பாடம் நடத்தப் போய்விடாதீர்கள்.

அவளைப் பார்க்கும்போது இரண்டே வாக்கியம் போதும்: "நீ சொன்னத எண்ணிப் பாத்தேன் மக்களே, சரிதான். வாற வாரம் வாசகம் நீ படி." நடுவில் "ஆனா" வந்தால் முன்னால் சொன்னதெல்லாம் கரைந்துவிடும். "நான் பெரும்பாவி, எனக்குப் பொறுப்பே வேண்டாம்" என்று விழுவதும் தாழ்ச்சி இல்லை. அது அவளை உங்களுக்கு ஆறுதல் சொல்ல வைக்கிற தந்திரம். வாசகரின் பெயரை இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் திடீரென்று புத்தகத்தை நீட்டினால் அவர் திணறுவார், நீங்கள் "பாத்தீங்களா" என்பீர்கள்.

பழக்கம் மாற புனித இஞ்ஞாசியாரின் தனி ஆன்மச் சோதனை இருக்கிறது. ஒரு குறையை மட்டும் எடுத்து, நாளுக்கு இரண்டு கோடு, மதியம் ஒன்று இரவு ஒன்று, விழுந்த தடவைக்கு ஒரு புள்ளி. இன்றைக்கும் நேற்றுக்கும், இந்த வாரத்துக்கும் போன வாரத்துக்கும் ஒப்பிட வேண்டும். உங்களுக்கு அந்தக் குறை "பிறர் பேசும்போது குறுக்கிடுதல்". "பெருமை" என்று எழுதினால் எதை எண்ணுவீர்கள்? இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். குருமாணவர்களுக்கு ஆன்ம குரு கட்டாயம். பங்கு மக்களுக்கோ, ஞாயிறு திருப்பலி மணி அடிக்குமுன் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கிடைக்கிற மூன்று நிமிடம்தான். அப்புறம் மக்கள் தரகரிடம் போகிறார்கள் என்று பீடத்திலிருந்து திட்டுவார்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் பணத்தைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலாக வருகிற திருத்தத்தை ஏற்காதீர்கள். குருசடி என்கிற சிற்றாலயத்தின் திருவிழா வரவு செலவை ஏன் ஒட்டவில்லை என்று கேட்டவரிடம் "உமக்குத் தாழ்ச்சி இல்லை" என்றால் அது திருத்தம் இல்லை, வாயடைப்பு. விசுவாசிகள் கொடுத்த காணிக்கைக்கு விசுவாசிகளிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று சட்டம் 1287 சொல்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது 537. தேதி போட்டு எழுதிக் கேளுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், மரியாதையான சொற்களில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் நிதிக்குழு, அதற்குமேல் ஆயர் இல்லம். பொறுப்பாளர் என்ற முறையில் நாளை உங்களிடமே அன்பியப் பணத்துக்குக் கணக்குக் கேட்பார்கள். அப்போது இதே சொல்லை நீங்களும் எடுக்காதீர்கள்.

பாவசங்கீர்த்தனம் பற்றிக் கேட்டீர்கள். மனம் வலித்தது பாவம் இல்லை. வன்மம் வைத்தது, 3 கூட்டங்களுக்கு வீம்பாகப் போகாதது, அவளைப் பற்றி வெளியே பேசியது இருந்தால் அவற்றைச் சொல்லுங்கள். கதையாகச் சொல்ல வேண்டாம். அந்தப் பெண்ணின் பெயரும் வேண்டாம். அங்கே சொல்ல வேண்டியது உங்கள் பாவம்.