சுருக்கினால் எளிதாகிவிடுமா?

அன்புள்ள சார்,

என் கணவர் ஜெர்மானியர், இரண்டு வருடமாகத் தமிழ் கற்கிறார். அவருக்காக நாட்டுடைமையான ஒரு நாவலை 60 பக்கமாகச் சுருக்கினேன். முதல் பக்கத்திலேயே 34 சொற்களுக்குப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு மூடிவைத்துவிட்டார். புத்தகமாகப் போடும் ஆசையும் இருந்தது. எங்கே தப்பு?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பக்கம் குறைந்திருக்கிறது, சொற்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஒருவகையில் முன்பைவிட மோசம். நாவலாசிரியர் பத்து வரியில் ஆற அமரச் சொன்னதை ஒரே வரியில் அடைத்தால், நாலு முறை வந்து பழகியிருக்க வேண்டிய சொல் ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போய்விடும்.

1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பையன்கள் ஆங்கிலப் பாடநூலில் ஏன் திணறுகிறார்கள் என்று பார்த்தார். வரிக்கு வரி புதுச்சொல், அதிலும் பாதி ஏட்டுச்சொல். தீவைக் குறிக்கும் பழைய ஏட்டுச்சொல்லான 'ஐல்' இருந்த இடத்தில் 'ஐலண்ட்' என்று போட்டார், புதுச்சொற்களை இடைவெளி விட்டு அளந்து நுழைத்தார். இன்று ஆங்கிலம் கற்பவர்களுக்காக எளிமையாக்கிய கதைகள் வரும் ஆக்ஸ்ஃபோர்ட் புக்வார்ம்ஸ் வரிசையில் முதல் நிலைக்கு 400 சொல், ஆறாம் நிலைக்கு 2500. கதையை அகராதி இல்லாமல் வாசிக்க நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். 250 சொல் உள்ள பக்கத்தில் ஐந்துதான் புதிதாக இருக்கலாம். உங்கள் பக்கத்தில் 34!

அப்புறம், தமிழுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. ஆங்கிலக் கணக்கில் 'கோ', 'வென்ட்', 'கான்' மூன்றும் ஒரே சொல். அதை நம்பி இங்கே எண்ணினால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் 'போ' தெரிந்தவருக்கு 'போய்க்கொண்டிருந்தவனிடம்' தெரியாது. ஆகவே சொல்லோடு உருபையும் எண்ணுங்கள். 'மழை நின்றதும் குடையை மடக்கிக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தான்' என்பதை 'மழை நின்றது. அவன் குடையை மடக்கினான். வீட்டுக்குப் போனான்' என்று உடைக்கலாம். ஒன்றாம் வகுப்பு வாசனை அடிக்கும்தான், கதையில் விறுவிறுப்பு இருந்தால் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். உரையாடலைப் பேச்சுத்தமிழிலேயே விடுங்கள், மாமியார் வீட்டில் அவர் காதில் விழுவது அதுதானே.

குழந்தைப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். ஐந்து வயதுத் தமிழ்க் குழந்தைக்கு 'குடுகுடு', 'மொறுமொறு' எல்லாம் அத்துப்படி, அவருக்கு அதுவும் கோடு போடவேண்டிய சொல்தான்.

முதல் அத்தியாயத்தை மட்டும் திருப்பி எழுதி, அதே பென்சிலோடு அவரிடம் கொடுங்கள். பக்கத்துக்கு ஐந்து கோட்டுக்கு மேல் விழுந்தால் இப்போதைக்கு அச்சகம் பக்கம் போகவேண்டாம்.