மகன் கோல்காப்பாளராக வேண்டும் என்கிறான்: பாரிஸுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: குடும்பத்தோடு பாரிஸின் வடக்குப் புறநகருக்கு வந்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை. யாழ்ப்பாணத்துக் குருநகரில் பந்தடித்துத் திரிந்த பன்னிரண்டு வயது மகன் இங்கே பள்ளிக்கூட மைதானத்தில் கோல் காப்பதைப் பார்த்த விளையாட்டு ஆசிரியர், கழகத்தில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவனோ பிரெஞ்சுக் கோல்காப்பாளர் அல்ஃபோன்ஸ் அரேயோலாவின் படத்தைக் கட்டிலுக்கு மேலே ஒட்டிவைத்துக்கொண்டு அதே தொழிலுக்குத்தான் போவேன் என்கிறான். மனைவி படிப்புக் கெட்டுவிடும் என்று பயப்படுகிறார். சேர்ப்பதா, விடுவதா?

சேருங்கள். தயங்க வேண்டாம். ஆனால் அந்தப் படத்தில் இருப்பவருடைய தொழில் எப்படிப்பட்டது என்பதை அவனை உட்காரவைத்து ஒருமுறை சொல்லிவிடுங்கள். சொல்வதற்கு வசதியாக நானே கீழே எழுதுகிறேன்.

அரேயோலா 1993இல் பாரிஸில் பிறந்தவர். தாய், தகப்பன் இருவரும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள். நம்முடைய பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஏழாம் வட்டாரத்துச் சிறுகழகம் ஒன்றில் தொடங்கி, கிளேர்ஃபொந்தேன் பயிற்சிப் பள்ளியிலும் பாரிஸ் சென் ஜெர்மனிலும் வளர்ந்தார். 2013இல், இருபது வயதில், பாரிஸ் முதல் அணிக்கு முதல் ஆட்டம். அதே கோடையில் இஸ்தான்புல்லில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ண இறுதிப் போட்டி கோலின்றி முடிய, பெனல்டியில் உருகுவேயின் இரண்டு உதைகளைத் தடுத்துப் பிரான்சுக்குக் கிண்ணத்தைப் பெற்றுக்கொடுத்தார். இப்படிப்பட்டவனுக்கு ஊர்க் கழகத்தில் உடனே இடம் கிடைத்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அடுத்த மாதமே இரண்டாம் பிரிவு லான்ஸ் கழகத்துக்கு இரவல். அதற்கு அடுத்த ஆண்டு கோர்சிகாத் தீவின் பாஸ்தியாவுக்கு இரவல். பிறகு ஸ்பெயினின் வியாரியாலுக்கு இரவல். மூன்று ஆண்டு, மூன்று ஊர். லான்ஸ் முதற்பிரிவுக்கு ஏறியது, வியாரியால் யூரோப்பா லீக் அரையிறுதிவரை போனது. அதாவது போன இடமெல்லாம் அவர் நன்றாகவே ஆடினார். ஆனாலும் பாரிஸுக்குத் திரும்பி வந்தபோது கோலில் கெவின் ட்ராப் இருந்தார்; சில ஆண்டு கழித்து நாற்பது வயது புஃபோன் வந்தார்; 2019இல் கெய்லர் நவாஸ் வர, இவர் ரியல் மத்ரித்துக்கு இரவலாகப் போய் கூர்த்துவாவுக்குப் பின்னால் உட்கார்ந்தார். பிறகு இலண்டனில் ஃபுல்ஹம், அது அந்த ஆண்டே கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. பிறகு வெஸ்ட் ஹாம். அங்கும் லீக் ஆட்டங்களில் முதல் இரண்டு பருவமும் ஃபபியான்ஸ்கிக்குத்தான் முதலிடம், இவருக்குக் கிண்ணப் போட்டிகள். அந்தக் கிண்ணப் போட்டிகளில்தான் 2023 ஜூனில் பிராக் நகரத்தில் ஃபியோரென்டினாவை 2-1 என்று வென்று ஐரோப்பிய கான்ஃபெரன்ஸ் லீக்கைக் கையில் ஏந்தினார். அப்போது வயது முப்பது.

இன்னொன்றையும் மகனிடம் சொல்லுங்கள். 2018 உலகக் கிண்ணத்தை வென்ற பிரெஞ்சு அணியில் அவர் மூன்றாவது கோல்காப்பாளர். முதல் கோல்காப்பாளர் லோரிஸ் எல்லா ஆட்டமும் ஆடினார், டென்மார்க்குடனான ஆட்டத்தைத் தவிர. அதை இரண்டாவது ஆள் மந்தந்தா ஆடினார். அரேயோலா ஒரு நிமிடமும் இறங்கவில்லை. 2022இல் கத்தாருக்கும் போனார், மறுபடி மூன்றாவது ஆளாக. இரண்டு உலகக் கிண்ணம், ஒரு தங்கம், ஒரு வெள்ளி, ஆடிய நிமிடம் பூச்சியம். இதைக் கேட்டு மகன் சிரித்தால் சிரிக்கட்டும். அந்த மாதம் முழுக்க அவர் ஒவ்வொரு நாளும் முதல் ஆளைப் போலவே பயிற்சி செய்திருக்க வேண்டும் என்பதை யோசிக்கச் சொல்லுங்கள். முன்கள வீரனுக்குக் கடைசி இருபது நிமிடமாவது கிடைக்கும். கோல்காப்பாளரை யாரும் இருபது நிமிடத்துக்கு மாற்றுவதில்லை. மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருக்கும் மாற்று ஆள் அடுத்தவனுடைய காயத்துக்கோ சிவப்பு அட்டைக்கோ காத்திருக்க வேண்டியதுதான்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கதை வேண்டுமென்றால் கோல்காப்பாளர் மைக் மென்யான் இருக்கிறார். தென்னமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவில் 1995இல் பிறந்து, நீங்கள் ஆர்.இ.ஆர். டி ரயிலில் தினமும் கடந்துபோகும் வில்லியே-லெ-பெல்லில் வளர்ந்தவர். அவரும் பாரிஸ் சென் ஜெர்மன் பயிற்சி மையத்துப் பிள்ளைதான். அந்தக் கழகத்தின் முதல் அணிக்கு ஒரு ஆட்டமும் ஆடாமலே இருபது வயதில் லில் கழகத்துக்குப் போனார். அங்கே முதல் கோல்காப்பாளர் என்யேமாவுக்குப் பின்னால் இரண்டு ஆண்டு காத்திருப்பு. 2021இல் அதே லில், பாரிஸைப் பின்தள்ளி பிரெஞ்சுச் சம்பியனானது. அந்தப் பருவத்தின் 38 ஆட்டங்களில் 21இல் அவர் கோலே வாங்கவில்லை. அடுத்த ஆண்டு மிலானில் இத்தாலியச் சம்பியன். லோரிஸ் விலகியபின் பிரான்சின் முதல் கோல்காப்பாளர். பெரிய கழகத்தின் சின்னம் பதித்த உடையைப் போட்டுவிட்டால் வாழ்க்கை அமைந்துவிடும் என்று நினைக்கும் தகப்பன்மாருக்கு நான் எப்போதும் மென்யானைத்தான் சொல்வது.

விதிவிலக்கும் உண்டு. கோல்காப்பாளர் மிக்காயேல் லாந்த்ரோ 1996இல் பதினேழு வயதில் நாந்த் அணிக்கு இறங்கி, முதல் ஆட்டத்திலேயே பெனல்டி தடுத்து, 618 முதற்பிரிவு ஆட்டங்களோடு ஓய்வுபெற்றார். அப்படி ஒருவர் வருவார். அதை நம்பிக் குடும்பக் கணக்குப் போடக்கூடாது.

இனி உங்கள் மகனின் விடயம். இப்போது அவன் வயதில் எட்டுப் பேர் ஆடும் ஆட்டம். கோல் ஆறு மீட்டர் அகலம், 2.10 மீட்டர் உயரம். பதினான்கு வயதுப் பிரிவுக்கு ஏறியவுடன் பதினொருவர் ஆட்டம், 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள முழுக் கோல். நேற்றுவரை எல்லாவற்றையும் பிடித்தவனுடைய தலைக்கு மேலால் பந்து போய்க்கொண்டிருக்கும். அந்த ஒரு பருவத்தில் அழுதுகொண்டு கையுறையைக் கழற்றிவைத்த நல்ல பிள்ளைகள் பலரை இங்கே பார்த்திருக்கிறேன். உயரம் வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். வராமலும் போகலாம். மென்யான் 1.91 மீட்டர், அரேயோலா 1.95; கழகங்கள் தெரிவு செய்ய வரும்போது தாய் தகப்பனின் உயரத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்வார்கள். உங்களைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் திறமையான பிள்ளைகளை வட்டாரப் பயிற்சிப் பள்ளிகளுக்கு எடுப்பார்கள். பாரிஸ் பகுதிக்கு அது கிளேர்ஃபொந்தேன். வாரநாட்களில் அங்கேயே தங்கிப் படிப்பும் பயிற்சியும், வார இறுதியில் வீட்டுக்கு வந்து சொந்தக் கழகத்துக்கு ஆட்டம். ஓராண்டுக்கு இருபது சொச்சம் பிள்ளைகள்தான். அதில் கோல்காப்பாளர் இரண்டு, மூன்று பேர். அது கிடைக்காவிட்டால் கதவு சாத்தப்பட்டது என்று பொருளில்லை, தொழில்முறைக் கழகங்களின் பயிற்சி மையங்கள் பதினைந்து வயதில் தாமாகவும் ஆள் எடுக்கின்றன. அங்கும் படிப்புக் கட்டாயம். மனைவியிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். பள்ளிக்கூட அறிக்கை மோசமானால் பயிற்றுநரே கூப்பிட்டுக் கேட்பார். ஆனால் அந்த மையங்களில் இருக்கும் பிள்ளைகளிலும் பெரும்பாலானோர் தொழில்முறை ஒப்பந்தம் இல்லாமல்தான் வெளியே வருகிறார்கள்; ஆகவே பதினெட்டில் கையில் ஒரு பாக்கோ (பள்ளி இறுதித் தேர்வுச் சான்றிதழ்) தொழிற்சான்றிதழோ இருக்க வேண்டும். என் இளையவன் பதினேழு வயதுவரை இங்கே கோல் காத்தான். இப்போது மின்னிணைப்பு வேலை செய்கிறான், ஞாயிறு தவறாமல் ஆடுகிறான்.

திறமைக்கு முன்னால் பேப்பர். வெளிநாட்டில் பிறந்து பத்து வயதைத் தாண்டி வந்த பிள்ளைக்கு முதல் லைசென்ஸ் (ஆட்டக்காரர் பதிவு அட்டை) எடுப்பது பிரெஞ்சுப் பிள்ளைக்கு எடுப்பதைப்போல் லேசில்லை. பந்துக்காகப் பிள்ளையைக் கடத்திக்கொண்டு வரும் வியாபாரத்தைத் தடுக்க உலகக் கால்பந்துச் சம்மேளனம் போட்ட விதி அது. குடும்பம் வேறு காரணத்துக்காகத்தான் இடம்பெயர்ந்தது என்று காட்ட வேண்டும். பிறப்புச் சான்றிதழ், உங்கள் இருவரின் வதிவிட அனுமதி, முகவரிச் சான்று எல்லாவற்றையும் பிரதி எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். அகதி அந்தஸ்து என்றால் ஒஃப்ரா (அகதிகளுக்கான அரச அலுவலகம்) கொடுத்த சான்றிதழே போதுமா, வேறு நடைமுறை உண்டா என்று கழகச் செயலாளரிடம் முதல் நாளே கேளுங்கள். சில வாரம் இழுபடும். அதற்குள் பயிற்சிக்கு விடுவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சு அணிக் கனவு இருந்தால் குடியுரிமை வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைக்குக் கிடைக்கும் வழி உங்கள் மகனுக்கு இல்லை. உங்களில் ஒருவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெறும்போது அவன் பதினெட்டுக்குள் இருந்து, உங்களோடு வாழ்ந்து, அவனுடைய பெயரும் அந்த ஆணையில் சேர்ந்திருந்தால் அவனும் பிரெஞ்சுக்காரன். ஆகவே அவனுடைய பயிற்சியைவிட உங்களுடைய பிரெஞ்சு மொழி வகுப்பு அவசரம்.

நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் தேநீர் குடிக்கும்போது ஒருவர் வந்து, பெரிய கழகத்தில் ஆளைத் தெரியும், தெரிவுப் போட்டிக்கு ஏற்பாடு செய்கிறேன், இவ்வளவு யூரோ தாருங்கள் என்று கேட்கக்கூடும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் ஒப்பந்தத்துக்கு முகவர் கூலி வாங்கப் பிரெஞ்சுச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. தேநீருக்கு நீங்களே காசைக் கொடுத்துவிட்டு எழும்பி வாருங்கள். நம்மவர் கழகங்களின் கோடைச் சுற்றுப்போட்டி வேறு. அதில் ஆடட்டும், நாலு பேரைத் தெரிந்துகொள்வான். காயம் பட்டால் எந்தக் காப்புறுதி பொறுக்கும் என்று மட்டும் முன்கூட்டிக் கேளுங்கள்.

உண்மையான செலவு சனிக்கிழமை. புதன் பின்னேரம் பயிற்சிக்கு அவன் தனியே போய்வருவான், செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர் மணிகளைச் சப்பாத்துக்குள் கொண்டுவந்து வீடெல்லாம் கொட்டுவான், அதைக் கூட்டினால் சரி. சனி ஆட்டத்துக்கு வெளியூர் போகப் பெற்றோர் முறை வைத்துக் கார் ஓட்டுகிறார்கள். நீங்கள் உணவகத்தில் வேலை என்றால் சனியில் விடுமுறை கேட்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். கார் இல்லை என்பதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். உங்கள் முறைக்குக் குழந்தைகளுக்கு ஆட்டம் முடிந்தபின் சாப்பிடக் கொடுத்துவிடலாம். நம்முடைய ரோல்ஸுக்கு இங்கே மறுப்புச் சொல்லும் அணியை நான் இன்னும் காணவில்லை.

கழகங்கள் ஜூனிலேயே பெயர் பதியத் தொடங்கிவிடும், செப்டெம்பரில் போனால் இடமில்லை என்பார்கள். கோல்காப்பாளர் என்று சொன்னால் அப்போதும் ஒரு இடம் கிளம்பும், ஏனென்றால் எந்தக் கழகத்திலும் பிள்ளைகள் கோல் போடத்தான் ஆசைப்படுகிறார்கள். கோல்காப்பாளருக்கென்று தனிப் பயிற்றுநர் வாரம் ஒருமுறையாவது வருகிறாரா என்று மட்டும் விசாரித்துச் சேருங்கள். சந்தாவைத் தவணையில் கட்டலாம், நகரசபையிலும் உதவி உண்டா என்று கேளுங்கள். கையுறைக்கு இப்போது பெரிய காசு கொடுக்காதீர்கள். வளரும் பிள்ளை, குளிர்காலம் முடியும் முன்னே விரல் முட்டிவிடும்.