வாழைச் சீப்பின் அடி கறுப்பது: வேப்பெண்ணெய் வேண்டாம்

களுவாஞ்சிக்குடியிலிருந்து கேட்டிருந்தீர்கள்: கதலிக் குலையைச் சீப்புச் சீப்பாய் வெட்டி வைத்தால் மூன்றாம் நாளே காய்கள் ஒன்றுசேரும் அடிக்கொண்டை கறுத்து வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கிறது, வேப்பெண்ணெய் பூசலாமா என்று. பூசாதீர்கள், அந்த வாடை போகாது, வாங்க வருபவர் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

பூஞ்சணம் நுழைவது வெட்டுவாயால்தான். மொட்டைக் கத்தியால் பிய்த்தெடுத்த கொண்டையில் நார் தொங்கும், அதில்தான் முதலில் பிடிக்கும். கூரான, கழுவிய கத்தியால் வழுவழுப்பாக வெட்டுங்கள். காய்ந்த சருகு, பூக்காம்பு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். பிறகு ஒரு லீற்றர் தண்ணீருக்கு 10 கிராம் சீனக்காரம் (படிகாரம்) கரைத்து, பால் வடிந்து நிற்கும்வரை அலசுங்கள்.

அப்புறம்தான் எண்ணெய். கறுவா இலை எண்ணெய் நல்லது. அதிலுள்ள யூஜினோல்தான் பூஞ்சணத்தை அடக்குகிறது, கராம்பிலும் அதுவே. லீற்றருக்கு 2 மில்லிலீற்றர் போதும், கூடினால் தோல் கருகும். எண்ணெய் மேலே மிதக்கும், போத்தலைக் குலுக்கிக் குலுக்கிக் கொண்டையில் தெளியுங்கள். முதலில் ஒரே ஒரு சீப்பில் பாருங்கள்.

நிழலில், காற்றோட்டத்தில் உலர விடுங்கள். ஈரத்தோடு சொப்பிங் பையில் கட்டினால் செய்ததெல்லாம் வீண். ஏற்கெனவே கறுத்த சீப்பை இது மீட்காது, அதை இன்றே விற்றுவிடுங்கள்.